தழும்பின் நிறம்

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் அதிகமானால் படங்கள் சரியாகத் தெரியாது என்பதால் விளக்கைக்கூடப் பாதிதான் எரியவிடுவோம். இந்த அரையிருட்டில் உட்கார்ந்து இருபத்து மூன்று வருடங்களாக மற்றவர்களின் வயிற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நோயாளிகள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆரம்பத்தில் அது ஒரு நிம்மதியாக இருந்தது. இப்போது அது என்னவாக இருக்கிறது என்று யோசிப்பதில்லை. "இன்னைக்கு என்ன பாத்தே?" என்று என் கணவர் கேட்பதை நிறுத்தியே பல வருடம் ஆகிறது.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குள் பதினேழு ரிப்போர்ட் முடித்திருந்தேன். கண் எரிந்தது. காலையிலிருந்து சர்வர் வேறு படுத்துக்கொண்டது. வழக்கமாக ஒரு ஸ்கேனைத் திறந்தால், அதே ஆளுக்குக் கடைசியாக எடுத்த ஸ்கேன் இடது பக்கத் திரையில் தானாக வந்து நிற்கும். வலது பக்கம் புதியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, மாற்றம் உண்டா இல்லையா என்று சொல்வதுதான் பாதி நாள் வேலை. அன்று இடது பக்கத் திரை வெறுமனே கிடந்தது.

கதவைத் தட்டாமல் தலையை மட்டும் உள்ளே நீட்டினார் காந்தம். எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இடுப்பில் சாவிக்கொத்தோடு இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய், கொத்து பிய்த்துக்கொண்டு பறந்ததிலிருந்து அவருக்கு அந்தப் பெயர். இப்போது ஐம்பத்தொரு வயது. சாவி வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். வீட்டுச் சாவி அவருடைய அக்காவிடம் இருக்கும்.

"டாக்டரம்மா, நம்ம பொண்ணு வந்திருக்கா."

"எந்தப் பொண்ணு?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க அக்கா பொண்ணு. கல்லீரல்."

கல்லீரல் என்றதும் நினைவு வந்தது. முகம் வரவில்லை. இடது பக்கம், உருண்டையாக ஒரு கட்டி. அதன் நடுவில் நட்சத்திரம் மாதிரி கிளை பிரிந்த ஒரு தழும்பு. மூன்று முறை நான்தான் படித்திருக்கிறேன். சாதுவான கட்டி, பயமில்லை என்று எழுதியிருக்கிறேன்.

"திங்கக்கிழமை தீயணைப்புப் படையில சேரப் போறா. ஒன்பது மாசம் பயிற்சி, லீவே கிடையாதாம். கட்டி அப்படியேதான் இருக்கு, இனி ஸ்கேன் வேண்டாம்னு சர்ஜன் ஒரு வரி எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாங்க. அவரு உங்க ரிப்போர்ட்டுக்காக உக்காந்திருக்காரு."

"சரி, எடுங்க. பாக்கறேன்."

"நீங்க படமே பாக்க வேண்டாம், அவ மூச்சடக்கறதைப் பாத்தாலே போதும். இருபத்தஞ்சு செகண்ட், ஒரு அசைவு கிடையாது. மத்தவங்க பதினஞ்சுலயே மீன் மாதிரி துள்ளுவாங்க. எங்க வம்சத்துலயே மூச்சு விடாமப் பேசத் தெரிஞ்சவங்கதான் உண்டு, மூச்சு விடாம சும்மா இருக்கத் தெரிஞ்சது இவ ஒருத்திதான்."

அவர் போனபின் சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தின் தட்டல் சத்தம் தொடங்கியது. நடுநடுவே காந்தத்தின் குரல்: மூச்சை இழு, விடு, அடக்கு. பிறகு நீண்ட மௌனம். இத்தனை வருடங்களில் எனக்குப் பிடித்துப்போன ஒரே சத்தம் அந்த மௌனம்தான்.

கல்லீரலில் நடுத்தழும்போடு வரும் கட்டிகளில் இரண்டை நாங்கள் முக்கியமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று சாது. கல்லீரலே ஒரு மூலையில் கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிட்டது போல. அதை அப்படியே விட்டுவிடலாம். இன்னொன்று புற்று, மிக அபூர்வம். நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் இளவயதில், குடி எதுவும் தொடாத நல்ல கல்லீரலில் வரும். ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் பிடிபடாது. இரண்டும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு வரும் அண்ணன் தம்பி மாதிரி. பிரித்துச் சொல்லத் தழும்பைப் பார்க்க வேண்டும். நீர் வெள்ளையாகத் தெரியும் வகைப் படத்தில் சாதுவின் தழும்பு பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். புற்றின் தழும்பு பெரும்பாலும் கருப்பாக இருக்கும். நடுவில் சுண்ணாம்பு படிந்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். படிக்கும் காலத்தில் பரீட்சைக்கு முன்னால் இதைத்தான் எல்லோரும் உருப்போடுவோம்.

படங்கள் வந்தன. காந்தம் சொன்னது சரி, கண்ணாடி வெட்டியது போல அத்தனை சுத்தம். ஓர் ஓரம்கூட மங்கவில்லை. கட்டியை அளந்தேன். ஐந்து சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்.

போன தடவை அளவு என்ன? இடது பக்கத் திரையில் எதுவும் இல்லை.

இன்டர்காமில் கேட்டேன். "பழைய ரிப்போர்ட் யாருகிட்டயாவது இருக்கா?"

"அக்கா பையில எல்லாம் இருக்கு. அனுப்பறேன்."

வந்தவர் கதவருகிலேயே நின்றார். காந்தத்தைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறார் என்று காந்தம் எப்போதோ சொல்லியிருக்கிறார். வலது கை மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தன. பையிலிருந்து என்னுடைய மூன்று ரிப்போர்ட்டுகளையும் எடுத்து நீட்டினார். ஒன்றிலும் ஒரு மடிப்புக் கிடையாது.

மேலே இருந்ததைப் பார்த்தேன். போன தடவை நாலு சென்டிமீட்டர் ஒன்பது மில்லிமீட்டர். இப்போது ஐந்து இரண்டு. மூன்று மில்லிமீட்டர். அளக்கிற கை கொஞ்சம் சாய்ந்தாலே அவ்வளவு வித்தியாசம் வரும். அதை நாங்கள் வளர்ச்சி என்று சொல்வதில்லை. விரல்கள் தாமாகவே தட்டிவிட்டன: 'முந்தைய ஸ்கேனுடன் ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.'

"இதையும் பாக்கறீங்களா?" என்றார் அந்த அம்மா. ஒரு பெரிய காக்கி உறை. "முதன்முதல்ல வேற இடத்துல எடுத்தது. சைக்கிள்ல இருந்து விழுந்து வயித்து வலின்னு போனப்போ. ஒவ்வொரு தடவையும் கொண்டுவர்றேன். எல்லாரும் வேண்டாம், கம்ப்யூட்டர்லயே இருக்குன்னு சொல்லிடறாங்க. மூணு வருஷமா மெத்தைக்கு அடியில வெச்சுக் காப்பாத்தி, சும்மா தூக்கிட்டு அலையறேன்."

எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் நின்ற விதம் வேண்டாம் என்று சொல்லவிடவில்லை. மூன்று வருடமாக மெத்தைக்கு அடியில் தட்டையாக வைத்திருந்த பிலிம்களை ஒருவர் நீட்டும்போது எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டேன். பிலிம் மாட்டிப் பார்க்கச் சுவரில் இருந்த பழைய ஒளிப்பெட்டியை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. அதன்மேல் போன் நம்பர்கள் எழுதிய துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பிய்த்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். குழல் விளக்கு இரண்டு தரம் கண்ணடித்துவிட்டு எரிந்தது.

பிலிமின் ஓரத்தில் அளவுகோல் இருந்தது. மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்துக் கட்டியை அளந்து கணக்குப் போட்டேன். மூன்று சென்டிமீட்டர் ஒன்பது மில்லிமீட்டர்.

மறுபடி அளந்தேன். அதேதான்.

மூன்று ஒன்பது. பிறகு என்னுடைய மூன்று ரிப்போர்ட்டுகள்: நாலு மூன்று, நாலு ஆறு, நாலு ஒன்பது. இன்றைக்கு ஐந்து இரண்டு. முதலாவதைப் பிலிமோடு ஒப்பிடவே இல்லை. அது வேறு இயந்திரம், வேறு யாரோ அளந்தது என்று விட்டிருப்பேன். மற்ற ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்று மில்லிமீட்டர். ஒவ்வொரு முறையும் மாற்றமில்லை. தினமும் ஒரே வீட்டில் பார்க்கும் குழந்தை வளர்வது தெரியாத மாதிரி.

பிலிமின் முதல் வரிசைக்குக் கண் போனது. இது சி.டி. ஸ்கேன்; எக்ஸ்ரே மாதிரி, சுண்ணாம்பு இதில் வெள்ளையாகத் தெரியும். மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த படங்கள். கட்டியின் சரியான நடுவில், கடுகளவு, ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு.

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன டாக்டர்?"

"கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா. கூப்பிடறேன்."

அவர் போனதும் இன்றைய படங்களில் தழும்பைத் தேடிப் போனேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. கருப்பு. மை ஊற்றியது போல.

என் முதல் ரிப்போர்ட்டை எடுத்து வரி வரியாகப் படித்தேன். 'கட்டியின் மத்தியில் தழும்பு காணப்படுகிறது. அது வெண்மையாகத் தெரிகிறது.' என் வாக்கியம்தான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்து எழுதிய வாக்கியம் இல்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், வேலை நெருக்கியபோது, அடிக்கடி வருகிற நோய்களுக்கெல்லாம் தயார் பத்திகளை நானே எழுதி வைத்தேன். ஒரு பொத்தானைத் தட்டினால் பத்தி முழுவதும் வந்து விழும்; அளவை மட்டும் மாற்றினால் போதும். சாதுக் கட்டி என்று மனதுக்குள் முடிவு செய்து பொத்தானைத் தட்டியிருக்கிறேன். வெள்ளை என்ற சொல் பத்தியோடு சேர்ந்து வந்திருக்கிறது. அடுத்த இரண்டு ரிப்போர்ட்டிலும் அதே வரி, நகல் எடுத்தது.

ஒருவேளை அப்போது உண்மையிலேயே வெள்ளையாக இருந்ததோ என்று ஒரு நப்பாசை. காந்தத்தைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே வந்து, ஒளிப்பெட்டி எரிவதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அதை எரியவிட்டு நான் வேலை செய்வதை அவர் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

"உங்க அக்கா பொண்ணோட முதல் ஸ்கேன் நினைவிருக்கா? இந்தத் தழும்பு எப்படி இருந்துச்சு?"

அவர் திரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"இப்படித்தான் டாக்டரம்மா இருந்துச்சு. கருப்பா. படம் எடுக்கும்போதே பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க வெள்ளைன்னு எழுதினீங்க." கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஏ.சி. குளிர் எலும்பைத் துளைக்கும் அறை அது. "நான் பட்டன் அமுக்கறவன். நீங்க படிக்கிறவங்க. நான்தான் தப்பான படத்தைப் பாத்திருப்பேன்னு நெனச்சுக்கிட்டேன். அதுவும் பயமில்லைன்னு எழுதியிருந்தீங்களா, சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷத்தைப் போய் யாராவது கிளறுவாங்களா?"

அவர் கேட்கவேண்டியதை இன்னும் கேட்கவில்லை. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது அந்த வகையா?" என்றார் கடைசியில்.

"அப்படித்தான் நினைக்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். அடுத்த நோயாளியைப் படுக்க வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில், பழக்கத்தில், என் காலி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

நான் சர்ஜனுக்குப் போன் செய்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், கத்தி பிடித்தால் கை சுத்தம், பொறுமை கம்மி.

"என்ன மேடம், ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா? அந்தப் பொண்ணு என் ரூம் வாசல்ல குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துட்டே இருக்கா."

"ஒரு வரி இல்ல. கட்டி வளர்ந்திருக்கு. தழும்பு கருப்பு. முதல் பிலிம்ல சுண்ணாம்பு இருக்கு."

"எவ்வளவு வளர்ந்திருக்கு? போன ரிப்போர்ட் நாலு ஒன்பது. இப்ப?"

"அஞ்சு ரெண்டு."

"மூணு மில்லிமீட்டருக்கா? தழும்பு நடுவுல மாறியிருக்கலாம், ரத்தம் ஏதாவது கசிஞ்சிருக்கும். இப்படிப் பண்ணலாம். 'இடைக்காலத்தில் சிறு மாற்றம், மூணு மாசத்தில் மறுபடி பாக்கவும்'னு போடுங்க. அவ பயிற்சிக்குப் போகட்டும். நடுவுல ஒரு நாள் கேட்டு வாங்கிட்டு வரட்டும். பொண்ணோட வேலையும் கெடாது, உங்களுக்கும் தலைவலி இல்ல."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. 'இடைக்காலத்தில்' என்ற ஒரு சொல்லைப் போட்டால் போதும். அப்போது வெள்ளையாக இருந்தது, இப்போது கருப்பாகிவிட்டது. நோய் மாறியது, நான் தவறவில்லை. யாரும் பழைய படத்தைத் தோண்டமாட்டார்கள். மூன்று மாதம். அதற்குள் அவளுக்கு லீவு கிடைத்தால் வருவாள். கிடைக்காவிட்டால் ஒன்பது மாதம். வந்தபிறகு கட்டி பக்கத்து நெறிக்கட்டிக்கு இறங்கியிருந்தால், அதையும் நான்தான் இதே நாற்காலியில் உட்கார்ந்து அளப்பேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்றார் சர்ஜன்.

"இருக்கேன். மூணு மில்லிமீட்டர் இல்ல. முதல் பிலிம்ல இருந்து பதிமூணு. தழும்பு மாறவும் இல்ல. முதல்ல இருந்தே கருப்புதான்."

"மூணு தடவையும் வெள்ளை, மாற்றமில்லைன்னு எழுதினது யாரு?"

"நான்தான். மூணும் தப்பு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நெறிக்கட்டி?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல. ஒரே கட்டி, இடது பக்கம் மட்டும். ரத்தக்குழாய் எதையும் தொடல. எடுக்க முடியும்னு தோணுது."

"அப்ப காத்திருக்கறதுல அர்த்தம் இல்ல. நீங்க இப்ப சொன்னதை எழுத்துல குடுங்க. எழுத்துல இருந்தாத்தான் அடுத்த வாரமே ஆபரேஷன் மேசை கேட்க முடியும்."

மத்தியானம் மூன்று மணிக்குச் சர்வர் உயிர்பெற்றது. இடது பக்கத் திரையில் பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. மூன்றையும் திறந்தேன். கருப்பு, கருப்பு, கருப்பு. எல்லாமே அசைவில்லாத, கூர்மையான படங்கள். பலர் மூச்சடக்க முடியாமல் படம் கலங்கிவிடும். 'படத்தின் தரம் குறைவு' என்று எழுதித் தப்பித்துக்கொள்வோம். அவள் எனக்கு அப்படி ஒரு சாக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து செகண்ட் மூச்சைப் பிடித்து, தெளிவான படத்தை என் கையில் கொடுத்திருக்கிறாள். நான் பொத்தானைத் தட்டியிருக்கிறேன்.

தயார் பத்தி எதையும் கூப்பிடாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். புற்று என்ற சந்தேகம் வலுவாக உள்ளது என்று எழுதினேன். கீழே தனியாக: 'இதற்கு முந்தைய மூன்று ரிப்போர்ட்டுகளும் என்னுடையவை. அவற்றில் தழும்பின் நிறம் தவறாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. அளவு முதல் படத்தோடு ஒப்பிடப்படவில்லை. அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.' இருபத்து மூன்று வருடத்தில் இவ்வளவு சிறிய ரிப்போர்ட்டை இவ்வளவு நேரம் எழுதியதில்லை.

அச்செடுத்துக்கொண்டு நானே வெளியே போனேன். தாழ்வாரத்தின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. காந்தம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அக்காவும் மகளும் பெஞ்சில் இருந்தார்கள். அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். இருபத்து மூன்று இருபத்து நாலு வயது. ஒட்ட வெட்டிய முடி. கை மூட்டில் காய்ப்பு. மாமா முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிட்டது போல, எழுந்து நின்றாள்.

சர்ஜன் சொல்லியிருக்கலாம். அது அவர் வேலை. ஆனால் தப்பு என்னுடையது. அவர்கள் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொன்னேன்.

"அப்ப திங்கக்கிழமை?" என்றாள் அவள் முடிவில்.

"போக முடியாது. அடுத்த வாரம் ஆபரேஷன் இருக்கும்."

"முதல் தடவையே சொல்லியிருந்தா?"

"சின்னதா இருந்திருக்கும். இப்பவும் எடுக்கலாம். பரவின மாதிரி தெரியல. ஆனா நான் முதல்ல பாத்தப்பவே, ரெண்டு வருஷம் முன்னாடியே எடுத்திருக்கணும்."

"ரெண்டு வருஷம்." அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினாள். "மாமா, நீ மூச்சடக்கு மூச்சடக்குன்னு என் உயிரை வாங்கினியே. யாரும் பாக்கலன்னு தெரிஞ்சிருந்தா நிம்மதியா மூச்சாவது விட்டிருப்பேன்."

காந்தத்திடம் அன்று ஒரு வேடிக்கையும் மிச்சமிருக்கவில்லை. அவள் அவர் தோளில் ஒரு குத்து விட்டாள், லேசாகத்தான். பிறகு ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். தோள்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. என்னை அறியாமல் செகண்டுகளை எண்ணத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

அந்த அம்மா நான் நீட்டிய காகிதத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ.

"தப்புன்னு நீங்க சொன்னது இதுல எங்க இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"கையெழுத்து?"

அவசரத்தில் போடவில்லை. பேனாவைத் தேடினேன், காந்தம் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என் முழங்கால்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா அதைத் திரும்ப வாங்கி, மை காயும்வரை இரு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னுடைய மூன்று பழைய ரிப்போர்ட்டுகளுக்கு மேலே அதை வைத்தார். காக்கி உறை இன்னும் என் கையில் இருந்தது. அதைக் கேட்டுக் கை நீட்டினார்.

"இந்தப் பிலிம் இனிமே வேணுமா?"

"வேணும்மா. சர்ஜன்கிட்ட அதை முதல்ல காட்டுங்க. வேண்டாம்னு சொன்னாலும் விடாதீங்க."

அவர் உறையை வாங்கி, ஒரு மூலைகூட மடங்காமல் பைக்குள் இறக்கினார். என்னைப் பார்க்கவில்லை. "வாடி," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்து, "சர்ஜன் கிளம்பறதுக்குள்ள போவோம்."